மலையைச் சுற்றி வர ஒரு திட்டம்

யாழ்ப்பாணத்தவனுக்கு மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கேணி உண்டு, கோயில் உண்டு, கடல் உண்டு. மலை ஒன்றுதான் இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலே முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். சமவுயரக் கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்துச் சாய்வு, விலகி நின்றால் மென்சாய்வு என்று எத்தனை வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன்! ஆயின், அந்தக் கோடுகளில் ஒன்றையேனும் என் சைக்கிளால் கடந்தவன் அல்லேன். எங்கள் பகுதியிலே சைக்கிளுக்கு எதிரி காற்று ஒன்றே. ஆடி மாதத்துச் சோளகம் பண்ணைப் பாலத்தில் எதிர்த்து வீசும்போது, மிதிப்பவன் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். எங்களுக்கு அதுவே மலை.

சைக்கிளைப் பற்றி நாங்கள் பெருமைப்படுவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் வராத காலத்தில் குடாநாட்டை ஓட வைத்தது துவிச்சக்கர வண்டிதான். நோயாளியும் அதிலே போனார். விறகும் அதிலே வந்தது. பாடசாலைப் பரீட்சைத் தாள்களும் அதிலே போயின. இரவில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, பரணிலிருந்த பழைய வண்டிகளை இறக்கிய முதல் ஆட்களும் நாங்களே. ஆகவே, ஓய்வுபெற்ற பின்னர் என் வீட்டுத் திண்ணையில் உயர்தர வகுப்புப் புவியியல் படிக்க வந்த நான்கு மாணவரிடம், 2025 தை மாதத்தில் ஒரு நாள், "பரீட்சை முடியட்டும், மலைநாட்டைச் சைக்கிளிற் சுற்றி வருவோம்" என்று நான் சொன்னபோது, அது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

வட்டம் ஒன்றை முதல்நாளே தேர்ந்தோம். கண்டியிற் புறப்பட்டு, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா. அங்கிருந்து ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, பதுளை. பதுளையிலிருந்து வடக்கே இறங்கி மகியங்கனை. பின்னர் மேற்கே பதினெட்டு வளைவுகள் ஏறி, ஹுன்னஸ்கிரி, தெல்தெனிய வழியாக மீண்டும் கண்டி. போன வழியே திரும்பாத பயணம். படத்தின் மேல் நூலை வைத்து அளந்தோம். முந்நூறு கிலோமீற்றருக்குச் சிறிது குறைவு. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர், மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தேன். பருத்தித்துறையிலிருந்து கிளிநொச்சி வரை ஒரே காலையில் ஓடியிருக்கிறோமே என்ற துணிவு.

அந்தக் கோட்டை அழித்தது நான் கற்பித்த பாடமே. மாணவரிடம் வழக்கம்போல, "பாதையின் குறுக்குவெட்டுமுகத்தை வரைந்து வாருங்கள்" என்றேன். மறுவாரம் வந்த வரைபடத்தைக் கண்டபோது எனக்குப் பேச்செழவில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றர். இடைத்தூரம் 77 கிலோமீற்றர். கம்பளை வரையும் பாதை பெரிதாக உயராது. ஆகவே, ஏற்றம் முழுவதும் அதற்குப் பிந்திய பகுதியிலே குவிந்து கிடக்கிறது. அதிலும், ஏறிய உயரத்தில் ஒரு பங்கை இடையிலே இறக்கிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றுகிறது. அதன் பின்னர் வெலிமடைக்கு இறக்கம், பதுளைக்கு இறக்கம், மகியங்கனையில் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றரளவுக்கு வந்துவிடும். எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிடும் வேளையில், கடைசி நாளன்று, வெயில் நிலத்திலிருந்து பதினெட்டு வளைவுகள்.

அயலிலே ஒரு பௌதிக ஆசிரியர் இருக்கிறார். அவர் இதைக் கணக்காகச் செய்து தந்தார். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்த்து 85 கிலோ என்று கொள்வோம். அதைக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்க வேண்டும். பயிற்சியுள்ள சாதாரண மனிதன் தொடர்ந்து தரக்கூடிய வலு நூறு வாற்று. பழைய மின்குமிழ் ஒன்றை எரிய வைக்கும் அளவு. அந்த வலுவில், தூக்குவதற்கு மட்டுமே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பாதையின் உராய்வு, காற்று, இடையில் இறங்கி மீண்டும் ஏறுவது ஆகியவை இக்கணக்கிற் சேரவில்லை. பதினான்கில் ஒன்று என்னும் படித்திறனுள்ள சாய்வில், அதே வலுவுடன் போகக்கூடிய வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றர். அதாவது, நடப்பவன் வேகம்.

"அப்பிடியெண்டால் நடந்தே போகலாமே, சேர்" என்றான் ஒருவன்.

அவனுடைய கேள்விக்கு விடை சைக்கிள் கடையிற் கிடைத்தது. கடைக்காரர் நாற்பது ஆண்டுகளாக என் றலி வண்டியைப் பழுதுபார்ப்பவர். முன் பற்சில்லில் 44 பல், பின்னதில் 18. மிதிகட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். சமநிலத்தில் அது அருமையான அளவு. ஆனால், ஆறு கிலோமீற்றர் வேகத்தில், நிமிடத்துக்குப் பதினெட்டு அல்லது பத்தொன்பது சுற்றுத்தான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியிலும் உடலின் முழுப்பாரமும் முழங்காலில் இறங்கும். வண்டி நிமிர்ந்து நிற்கவும் மாட்டாது. பியர் மாற்றும் வசதியுள்ள மலைச்சைக்கிளில், முன் 22 பல், பின் 34 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 1.3 மீற்றரே ஓடும். நிமிடத்துக்கு எழுபத்தைந்து சுற்று இலகுவாக மிதிக்கலாம். வேலை ஒன்றுதான், அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கிறது பற்சில்லு. கொழும்பில் விற்கப்படும் பாவித்த யப்பானியச் சைக்கிள்களில் ஐந்தை எடுப்பிப்பது என்று தீர்மானமாயிற்று. என் றலியை விட்டுப் போவதில் எனக்கு வருத்தமே. ஆயினும், கடைக்காரர் அதன் இரும்புக் கம்பிப் பிறேக்கைத் தொட்டுக் காட்டிச் சொன்னதற்கு மறுமொழி இல்லை.

"மாஸ்ரர், ஏத்தத்தில ஏலாட்டி இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில பிறேக் விட்டால் எங்க இறங்குறது?"

இரும்பு விளிம்பு நனைந்தால் இறப்பர்க் கட்டை பிடியாது வழுக்கும். நனையாவிட்டாலும், நீண்ட இறக்கத்தில் விடாது அழுத்திக்கொண்டிருந்தால், விளிம்பு சூடேறி ரியூப் வெடித்துவிடலாம். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இடையிடையே நின்று, சில்லின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டு சைக்கிள் ஓடிய எனக்கு, சைக்கிளை நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருடைய வார்த்தையே எங்கள் பெரிய விவாதத்துக்கும் முடிவு தந்தது. வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? மாணவருள் ஒருவன், "கோயிலைச் சுத்துறது வலப்பக்கமாகத்தானே, சேர்? மலையையும் அப்பிடியே சுத்துவம்" என்றான். வலஞ்சுழியாகப் போனால், முதல்நாளே பதினெட்டு வளைவுகளையும் இறக்கமாகக் கழித்துவிடலாம். நுவரெலியாவின் உயரத்தை மகியங்கனையிலிருந்து நான்கு நாட்களிற் சிறிது சிறிதாக ஏறலாம். கடைசி நாளில் இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஒரே இறக்கம். கால்களுக்கு இதுவே நன்று. ஆனால், அந்தக் கடைசி இறக்கம் பஸ்களும் மரக்கறி லொறிகளும் விரையும் பாதையில், மூடுபனியில், களைத்த உடலுடன் வருகிறது. 2025 மே மாதத்தில் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தது இதே பெருந்தெருவில்தான். அச்செய்தியை வாசித்த அன்று வலஞ்சுழியை விட்டேன். இடஞ்சுழியாகப் போவோம், இறம்பொடையை ஏறுவோம், ஏலாவிட்டால் இறங்கித் தள்ளுவோம்.

அடுத்தது காலம். மலைநாட்டு வட்டத்துக்கு ஒரே வானிலை கிடையாது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கும். அப்போது ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். மார்கழியிலும் தையிலும் வடகீழ் பருவக்காற்று பதுளை, மகியங்கனைப் பக்கத்தை நனைக்கும். இவ்விரண்டிற்கும் இடையே ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழையும், வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும். பாடசாலை விடுமுறைகளோ சித்திரை, ஆவணி, மார்கழி. சித்திரையில் நுவரெலியாவிலே வாகனம் நகராது. எஞ்சியது மாசி மாதம். இரு பக்கமும் காய்ந்திருக்கக்கூடிய சிறிய இடைவெளி. பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு அப்போது பாடசாலை இல்லை, எனக்கும் இல்லை. 2026 மாசி என்று நாள் குறித்தோம்.

ஆவணியில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பஸ்ஸில் அந்த வட்டத்தைப் போய்ப் பார்த்து வந்தேன். யன்னலோர இருக்கை, மடியிலே குறிப்புப் புத்தகம். எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே தேத்தண்ணீர்க் கடை, எந்த வளைவில் ஒதுங்க இடமுண்டு என்றெல்லாம் எழுதினேன். 2008இல் திறக்கப்பட்ட இறம்பொடைச் சுரங்கப்பாதை 225 மீற்றர் நீளம். அதற்குள் போகச் சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயம் என்று குறித்தேன். லபுக்கலைக்கு மேலே மூடுபனி வந்து யன்னலை மூடிற்று. எழுத ஒன்றும் தெரியவில்லை. ஹக்கலையைக் கடந்ததும் அதே நாளிலே வேறொரு நாடு: காய்ந்த பத்தனைப் புல்வெளி, கூசும் வெயில். மலை மழையை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கத்துக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது என்று எத்தனை முறை வகுப்பிற் சொல்லியிருப்பேன். அரை மணி நேரத்தில் அதைத் தோலால் உணர்ந்தது அன்றுதான். நுவரெலியாவிற் போர்த்திய கம்பளிச் சட்டையை மகியங்கனைக்கு வருமுன் கழற்றி மூட்டையில் வைத்தேன். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை என்ற விதிப்படி, இரண்டு ஊருக்குமிடையே பதினொரு பாகைக்கு மேல் வேறுபாடு. மூட்டையில் இரண்டு பருவத்துக்கும் உடை வேண்டும். ஆனால், ஆளுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று முன்பே விதித்திருந்தோம். இந்த எட்டுக் கிலோ என்னை மிகவும் வருத்திற்று. ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதி, பின்னர் ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டாவது சாரம் போயிற்று. புத்தகங்கள் போயின.

எல்லவுக்கு அப்பால், தெமோதரையில் இறங்கி நின்றேன். புகையிரதப் பொறியியலாளருக்கும் எங்கள் கவலைதான் இருந்திருக்கிறது. மலைநாட்டுப் பாதை 44இல் 1 என்னும் படித்திறனை மீறக்கூடாது என்பது அவர்களுடைய விதி. தெமோதரையிலோ உயரம் குறுகிய இடத்தில் இறங்குகிறது. ஆகவே, பாதையை ஒரு வட்டமாகச் சுற்ற விட்டு, புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போக வைத்தார்கள். ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. 1924இல் பாதை பதுளையை அடைந்தது. அவசரப்படாமல் இறங்குவதற்கு ஊரைச் சுற்றிப் போன அந்த வட்டத்தைப் பார்த்தபோது, மூன்று நாள் என்று நான் எழுதி அழித்த கோடு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்ததும் பயணத்தை ஆறு நாளாக்கினேன். முதல்நாள் புசல்லாவையோடு நிறுத்தம். இதற்கு முக்கிய காரணத்தை மாணவரிடம் சொல்லவில்லை: புசல்லாவையில் ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு ஏறிய நாற்பது படிகளில் என் இடது முழங்கால் இரண்டு தடவை நின்றுவிட்டது. குழுவில் மெலிந்தவர் யாரோ, அவருக்கேற்பத் திட்டமிட வேண்டும் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அந்த மெலிந்தவர் யாரென்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நால்வரில் ஒருவன் கிளிநொச்சியான். உறவினர் வீட்டில் நின்று படித்தான். அதிகம் பேச மாட்டான். திட்டம் முடிவாகி, சுவரிலே படத்தை ஒட்டிய நாளில், அவன் மட்டும் பின்னால் நின்று, "சேர், இந்த இடத்தில நாலு கிலோமீற்றர் உள்ளுக்குப் போகலாமா?" என்று கேட்டான். விரல் வைத்த இடம் புசல்லாவைக்கு மேலே, பிரதான பாதையிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் நெளியும் மெல்லிய கோடு. அவனுடைய அம்மாயி அந்தத் தோட்டத்து லயத்திலே பிறந்தவர். எங்கள் பிள்ளைகள் அம்மம்மா என்பதை அவன் அம்மாயி என்பான். இரண்டு ஆண்டுகளாக அதைக் கேட்டும் அதன் காரணத்தை நான் விசாரிக்கவில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் அம்மாயி பிள்ளைகளுடன் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். பின்பு ஒருபோதும் திரும்பிப் போகவில்லை. 2009இன் பின் காலமானார். அவருடைய தங்கை மட்டும் அதே லயத்தில் இருக்கிறார். இவன் அவரைக் கண்டதில்லை, தொலைபேசியிற் பேசியிருக்கிறான்.

அந்த நாலு கிலோமீற்றரின் படித்திறனை அளந்தேன். வட்டத்தின் எந்தப் பகுதியையும் விடக் கொடிது. கல்லுப் பாதை வேறு. என் முழங்கால் நினைவுக்கு வந்தது. "பார்ப்போம்" என்று சொன்னேன். ஆசிரியர்கள் "பார்ப்போம்" என்று சொன்னால் அதன் பொருள் என்ன என்பது மாணவருக்குத் தெரியும். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மிக மோசமாக அடிபட்டவை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள். எங்கள் நூல் சுற்றிய மாவட்டங்கள் அதே மூன்றும். நான் குறிப்பெடுத்த ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வானொலியில் மண்சரிவுச் செய்தியாக வந்துகொண்டிருந்தன. செங்குத்துச் சரிவு, நீர் ஊறித் தளர்ந்த மண், கீழே மனிதர் குடியிருப்பு: இம்மூன்றும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை உதாரணமாகக் காட்டி ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். சுவரிலிருந்த படத்தில் சமவுயரக் கோடுகள் எங்கெங்கே நெருங்கியிருந்தன என்று பார்த்தேன். அந்த மெல்லிய கோட்டுக்கு மேலே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. அதை ஏற்றத்தின் கொடுமையாக மட்டுமே அளந்திருந்தேனேயன்றி, அதன் கீழே ஒரு கிழவி உறங்குகிறார் என்று ஒருநாளும் வாசிக்கவில்லை.

ஐந்து நாள் தொலைபேசி எடுபடவில்லை. ஆறாம் நாள் இரவு அவன் வந்து, "சின்ன அம்மாயி இருக்காங்க, சேர்" என்றான். மேல்லயம் போய்விட்டது. கீழ்லயத்தாரை முதல்நாளே பாடசாலைக்கு எழுப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேல்லயத்தில் எல்லோரும் எழுந்து வரவில்லை.

மாசிப் பயணத்தை ஒருவரும் பேசாமலே விட்டோம். தை தொடக்கத்தில், நின்றுபோன பரீட்சை மீளத் தொடங்குமுன், அவன் தனியே பஸ்ஸிற் போய் வந்தான். திரும்பி வந்ததும் சிவப்புப் பென்சில் கேட்டு வாங்கி, சுவர்ப்படத்தில் தான் கண்டவற்றைக் குறித்தான்: எங்கே பாதை ஒற்றை வழியாகத் திறந்திருந்தது, எங்கே பாறை தொங்கியது. அந்த நாலு கிலோமீற்றரில் மூன்றாவது கிலோமீற்றர் இல்லை. அதன் மேலே ஒற்றையடிப் பாதைதான். ஆட்கள் மாவும் சீனியும் தோளிற் சுமந்து போகிறார்கள். நான் கற்பித்த குறியீடுகளை அவன் ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது 2027 மாசிக்கு நாள் குறித்திருக்கிறோம். பெருந்தெருக்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆனாலும், புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை பஸ்ஸில் முழுவட்டமும் போய்ப் பார்ப்பேன். ஒரு துளி கனமழை என்றாலும் பயணம் இல்லை என்பதை முதல்விதியாக எழுதியிருக்கிறேன். ஆறு நாள் ஏழு நாளாயிற்று. இரண்டாம் நாள் காலை பிரதான பாதையோரக் கடையிலே ஐந்து சைக்கிளையும் பூட்டிவிட்டு, நாலு கிலோமீற்றரும் நடப்பதாகத் திட்டம். முழங்காலுக்கு இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் மணல் மூட்டை கட்டிப் பயிற்சி செய்கிறேன். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன். என்னை முன்னுக்கு விட்டு என் வேகத்தில் தாங்கள் வருவதாகச் சொல்கிறார்கள்.

சென்ற கிழமை, தொலைபேசியில் சின்ன அம்மாயி என்னோடும் பேசினார். "யாழ்ப்பாணத்திலேருந்து சைக்கிள்லயா வரப்போறீங்க வாத்தியாரய்யா?" என்று சிரித்தார். ஏதும் கொண்டுவரவா என்று கேட்டேன். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு, அக்கா முன்னொரு காலம் பொதி அனுப்புவாள், அதிலே ஒடியல் இருக்கும் என்றார்.

மூட்டைப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். என் பங்கு எட்டுக் கிலோவும் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ஒடியல் ஒரு கிலோ என்று அடியிலே சேர்த்து, கூட்டுத்தொகையை ஒன்பது என்று திருத்தி எழுதினேன்.